ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று: தமிழ்99 தட்ட எந்த மெக்கானிக்கல் கீபோர்டு?

நெய்தல்87

வணக்கம். முதல் தடவையா மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச் உள்ளது) பக்கம் வர்றேன். ரெண்டு வேணும். தேவையைச் சொல்லிடறேன்.

ஆபீஸ்: தடுப்பே இல்லாத பெரிய ஹால், பக்கத்து சீட்டு கை எட்டும் தூரம், எந்நேரமும் யாராவது மீட்டிங்கில் பேசிட்டே இருப்பாங்க. விண்டோஸ் லேப்டாப். அதில் எந்த மென்பொருளும் நிறுவ அனுமதி கிடையாது. பட்ஜெட் 5,000 ரூபாய்.

வீடு: விண்டோஸ் டெஸ்க்டாப் ஒண்ணு, மேக்புக் ஒண்ணு. ஒரே கீபோர்டை ரெண்டுக்கும் மாத்தி மாத்திப் பயன்படுத்தணும். ஓரளவு சத்தம் பரவாயில்லை. 9,000 வரை போகலாம்.

தட்டச்சு பாதி தமிழ்99, பாதி ஆங்கிலம். எக்செல்லில் எண் அடிக்கிற வேலை வாரத்துக்கு ஒரு நாள்.

சுவிட்ச் ரெட்டா, ப்ரவுனா, ப்ளூவா? அளவில் 60%, 75%, டிகேஎல் (நம்பர் பேடு மட்டும் இல்லாதது), இதில் எது? 45 கிராம், 60 கிராம்னு எழுதி இருக்கே, கடையில் தொட்டுப் பார்க்க வழி இல்லாதப்ப அதை எப்படிப் புரிஞ்சுக்கறது?

ஸ்பிரிங்குமணி

சுவிட்சின் நிறம் கிடக்கட்டும். தமிழ்99 என்று சொல்லிவிட்டீர்கள், எனவே முதலில் கவனிக்க வேண்டியது வலது கைச் சுண்டுவிரல். கீபோர்டு பற்றிய ஆங்கில விமர்சனங்கள் எதிலும் இது வராது, ஏனென்றால் ஆங்கிலம் தட்டுபவருக்கு அந்த விரலில் பெரிய வேலை இல்லை. தமிழ்99-இல் ந இருப்பது ; விசையில். ய இருப்பது ' விசையில். ச, ஞ இரண்டும் [ ] விசைகளில். ழ இருப்பது / விசையில். ண இருப்பது பி (P) விசையில். ஆறும் ஒரே விரலின் தலையில். ‘நியாயம்’ என்று அடிக்க ஏழு தட்டு, அதில் மூன்று சுண்டுவிரலுக்கு. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தரமாக்கப்பட்ட அமைப்பு இது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு என்று அழகாகப் பிரித்தார்கள். சுண்டுவிரலிடம்தான் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

இதிலிருந்து இரண்டு முடிவு வருகிறது.

ஒன்று, அளவு. [ ], ' / எல்லாமே தனி விசையாக இருக்க வேண்டும். 60% போர்டில்கூட இவை உண்டு. 40% வகையிலும், 36 விசை மட்டும் உள்ள பிளவுக் கீபோர்டுகளிலும் கிடையாது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றைத் தொடாதீர்கள். 60%-இல் அம்புக்குறியும் எஃப் வரிசையும் இல்லை. எக்செல்லில் எஃப்2, எஃப்4 இல்லாமல் அரை மணி நேரம் தாங்காது. ஆகவே உங்களுக்கு 75% அல்லது டிகேஎல். 75% சுமார் 32 செமீ அகலம், டிகேஎல் 36 செமீ. நம்பர் பேடோடு வரும் 104 விசைப் போர்டு 44 செமீ. இந்தப் பன்னிரண்டு செமீ சும்மா இல்லை. அவ்வளவு தூரம் மவுஸ் தள்ளிப் போகும், தோள் விரியும். வாரம் ஒரு நாள் எண் வேலைக்குத் தனியாக ஒரு யூஎஸ்பி நம்பர் பேடு வாங்கி இழுப்பறையில் போட்டு வையுங்கள். இடது பக்கம் வைத்துப் பழகினால் இன்னும் நல்லது.

இரண்டு, ஸ்பிரிங். செர்ரி கம்பெனியின் எம்எக்ஸ் ரெட் சுவிட்ச் 45 கிராம், பிளாக் 60 கிராம். விசை பதிவாகும் இடத்தில் தேவைப்படும் அழுத்தம் அது. அழுத்தத் தொடங்கி 2 மிமீ இறங்கியதும் எழுத்து விழும், மொத்த ஆழம் 4 மிமீ. வித்தியாசம் 15 கிராம்தானே என்று தோன்றும். ஆள்காட்டி விரலுக்கு அது ஒன்றும் இல்லை. சுண்டுவிரலுக்கு மாலையாகும்போது தெரியும்.

கிராம் கணக்கை வீட்டிலேயே பார்க்கலாம். ரூபாய்க் குறி போட்ட, 2011 வரிசை 5 ரூபாய் நாணயம் சரியாக 6 கிராம், விட்டம் 23 மிமீ. பழைய தடித்த வெள்ளை 5 ரூபாய் 9 கிராம், அது கணக்கைக் கெடுத்துவிடும். யாரிடமாவது இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டில் ஒரு வெற்று நோட்பேடைத் திறந்துகொண்டு, ஜி அல்லது ஹெச் விசையின் நடுவில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். போடாமல், மெல்ல வைக்க வேண்டும். ஏழு நாணயத்தில் (42) ஒன்றும் நடக்காமல் எட்டாவதில் (48) எழுத்து ஓடத் தொடங்கினால் அது 45 வகை. ஒன்பது வரை தாங்கிப் பத்தாவதில் ஓடினால் 60. 10 ரூபாய் நாணயம் 27 மிமீ, அது பக்கத்து விசை மேல் உட்கார்ந்துகொள்ளும், பயன்படாது. இப்போதைய டெஸ்க்டாப் கீபோர்டிலும் இதைச் செய்து பார்த்தால் உங்கள் விரல் எதற்குப் பழகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி நிறம். தமிழ்99-இல் ஒற்றெழுத்து இரட்டிக்கும்போது ஒரே விசையை இரு முறை தட்டுகிறோம், புள்ளி தானாக விழுகிறது. ‘அம்மா’ என்றால் ஏ, கே, கே, க்யூ. க்க, த்த, ப்ப, ட்ட இல்லாமல் தமிழில் ஒரு வரி ஓடாது. செர்ரி ப்ளூவின் உள்ளே கிளிக் சத்தம் தரும் துண்டு தனியாக நழுவுகிறது. அதனால் எழுத்து விழும் புள்ளியும், அடுத்த தட்டுக்கு விசை தயாராகும் புள்ளியும் ஒன்றல்ல. அரை மில்லிமீட்டருக்கு மேலேயே விரலைத் தூக்கினால்தான் இரண்டாவது தட்டு பதிவாகும். வேகமாக அடிக்கும்போது ‘பக்கம்’ ‘பகம்’ ஆகும். லீனியர் சுவிட்சில், அதாவது மேடும் கிளிக்கும் இல்லாமல் நேராக இறங்கும் ரெட் வகையில், இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ப்ரவுனிலும் குறைவு. ப்ரவுனில் பாதி வழியில் விரலுக்குத் தட்டுப்படும் அந்தச் சின்ன மேடு எனக்குப் பெரிதாகப் படுவதில்லை. கொஞ்சம் மணல் சேர்த்த ரெட் என்று கிண்டல் செய்வதில் நியாயம் இருக்கிறது.

கவுண்டர்கிளிக்

ப்ளூவை இப்படி ஒரேயடியா ஓரங்கட்டாதீங்க மணி சார். ரயில்வே கவுண்டர்லயும் பேங்க்லயும் நம்ம காது கேட்டு வளர்ந்த சத்தமே அதுதானே. சென்னைக் கம்பெனி டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸோட டிவிஎஸ் கோல்டு, செர்ரி ப்ளூ போட்டு வந்த போர்டு. வெளிச்சம் கிடையாது, ப்ளூடூத் கிடையாது, 104 விசை, கனமான பிளாஸ்டிக், அவ்வளவுதான். இந்தியாவில் ‘மெக்கானிக்கல்’னு விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே டிடிபி சென்டர் மேசையில் உட்கார்ந்திருந்துச்சு. இப்ப அதே குடும்பத்தில் வேற வேற மாடல் இருக்கு. வாங்கறதுன்னா பெட்டியில் எந்த சுவிட்சுன்னு படிச்சுட்டு வாங்குங்க.

இரட்டைத் தட்டு பிரச்சினை நிஜம்தான், மறுக்கலை. ஆனா கிளிக் வேணும்னா கைல் பாக்ஸ் ஒயிட் பாருங்க. அதில் நழுவுற துண்டுக்குப் பதிலா மெல்லிய கம்பி ஒண்ணு தட்டுது. பதிவாகிற இடமும் விடுபடுற இடமும் கிட்டக் கிட்ட இருக்கும். மூடி மாட்டுற தண்டைச் சுத்தி ஒரு பெட்டி மாதிரி சுவர் இருக்கறதால தூசி உள்ளே போறதும் குறைவு. தெருவோரம் ஜன்னல் இருக்கிற வீட்டுக்கு அது முக்கியம்.

ஆபீசுக்கு மட்டும் கிளிக் வேண்டவே வேண்டாம். அதில் மணி சாரோட ஒத்துப்போறேன்.

ஆறாம்தளம்

ஆபீஸ் போர்டு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘ரெட் சத்தம் போடாது’ என்று விற்பனைப் பக்கத்தில் எழுதுவார்கள். கிளிக் இல்லை என்பதுதான் உண்மை, சத்தம் இல்லை என்பது பொய். விசை அடியில் மோதும் சத்தம் ஒன்று, விட்டதும் மேலே வந்து கூரையில் மோதும் சத்தம் இன்னொன்று. ஹாலில் எல்லோருக்கும் கேட்பது இந்த இரண்டும்தான். இதற்கென்றே சைலன்ட் சுவிட்ச் உண்டு. தண்டின் மேலும் கீழும் ரப்பர் மாதிரி மெத்தை வைத்திருப்பார்கள். செர்ரி சைலன்ட் ரெட்டின் மொத்த ஆழம் 4 மிமீக்குப் பதில் 3.7 என்று போட்டிருப்பது அந்த மெத்தையால்தான். அடியில் தட்டும்போது களிமண்ணில் விரல் பட்ட மாதிரி இருக்கும். சிலருக்குப் பிடிக்காது. இரண்டு நாளில் பழகிவிடும். மேடு வேண்டும் என்றால் போபா யூ4 என்ற சைலன்ட் டாக்டைல் நல்லது. ஆனால் அது 62, 68 கிராம் கணக்கில் வருவது. மணி சொன்ன சுண்டுவிரல் விஷயத்தை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். விலை குறைவாக வேண்டும் என்றால் அவுட்டெமு சைலன்ட் பீச் லீனியர், சைலன்ட் லெமன் மேடு உள்ளது.

சைலன்ட் சுவிட்ச் போட்ட பிறகும் ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் நான்கும் கடகடக்கும். குற்றவாளி சுவிட்ச் அல்ல, ஸ்டெபிலைசர். நீள விசை ஒரு பக்கம் சாயாமல் இருக்க அடியில் கொக்கி வடிவக் கம்பி ஒன்று இரு முனையிலும் பிளாஸ்டிக் துண்டுக்குள் மாட்டியிருக்கும். அந்தத் துளையில் கம்பி ஆடுவதுதான் கடகட. 5,000 ரூபாய் போர்டுகளில் ஆலையிலேயே கிரீஸ் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் இல்லாமலும்.

சரிசெய்ய போர்டைப் பிரிக்கக்கூட வேண்டாம். விசை மூடியைக் கழற்றுங்கள். 1 மிலி சிரிஞ்சில் மழுங்கிய ஊசி மாட்டி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (சிலிக்கான் கிரீஸ் என்றும் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் கேளுங்கள்) எடுத்து, கம்பி பிளாஸ்டிக்குள் நுழையும் இடத்தில் ஓர் அரிசி அளவு விடுங்கள். இரு பக்கமும் அதே அளவு. ஸ்டெபிலைசரை விரலால் இருபது முறை அழுத்தி விட்டால் உள்ளே பரவும். அதிகம் விட்டால் ஸ்பேஸ் சோம்பேறித்தனமாக மேலே வரும். அப்போது டிஷ்யூ முனையால் ஒற்றி எடுக்க வேண்டும். வாசலின், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் கூடாது. முதல் இரண்டும் தூசியைப் பிடித்துப் பசையாகும், மூன்றாவது இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும். கிரீஸ் போட்டும் ஒரே பக்கம் சத்தம் வந்தால் கம்பி வளைந்திருக்கிறது. கழற்றிக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். நான்கு புள்ளியும் படியாமல் ஒரு முனை தூக்கினால் அதுதான் நோய். விரலால் மெதுவாக வளைத்துச் சமன்படுத்தலாம்.

மீதிச் சத்தம் மேசையுடையது. ஆபீஸ் மேசைப் பலகை உள்ளே பொள்ளலாக இருந்தால் பறை மாதிரி ஒலிக்கும். 4 மிமீ தடிமனுள்ள துணி மேட் ஒன்றைக் கீழே விரித்தால் பாதி அடங்கும். இதையே முதலில் செய்யலாம், செலவு குறைவு.

மென்பொருள் நிறுவ முடியாது என்றீர்கள். அதற்கு விடை வியா (விசைகளை மாற்றி அமைக்கும் மென்பொருள்) ஆதரவு உள்ள போர்டு. வீட்டுக் கணினியில் குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் வியாவைத் திறந்து, கேபிளில் இணைத்து விசைகளை மாற்றினால், மாற்றம் கீபோர்டின் நினைவகத்திலேயே பதிந்துவிடும். ஆபீஸ் லேப்டாப்புக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஃபயர்பாக்ஸில் வேலை செய்யாது, ப்ளூடூத்திலும் செய்யாது. கேப்ஸ்லாக் இருக்கும் இடத்தில் கன்ட்ரோல் வைப்பதும், விண்டோஸ் + ஸ்பேஸ் சேர்க்கையை ஒரே விசையில் வைத்துத் தமிழ் ஆங்கிலம் மாற்றுவதும் இப்படித்தான். வட்டத் திருகு உள்ள போர்டானால் அந்தத் திருகை அழுத்துவதற்கே மொழி மாற்றத்தைக் கொடுத்துவிடலாம். ஒலியளவு மாற்றுவதைவிட நமக்கு அதுதான் நாளைக்கு நூறு முறை வேண்டியிருக்கிறது.

ஒயர்லெஸ் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளை (கீபோர்டோடு வரும் சின்ன ரிசீவர்) யூஎஸ்பி 3.0 துளையில், பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க் கேபிளோடு செருகினால் எழுத்து விட்டு விட்டு வரும். யூஎஸ்பி 3.0 கசியவிடும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. அரை மீட்டர் நீட்சிக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகும். லேப்டாப்பில் விண்டோஸ் தொடங்கும் முன்பே பிட்லாக்கர் கடவுச்சொல் கேட்கும் திரை வருமானால் ப்ளூடூத் அங்கே வேலைக்கு ஆகாது, கேபிள் அல்லது டாங்கிள் வேண்டும்.

நெய்தல்87

எல்லாருக்கும் நன்றி. நாணயம் வைச்சுப் பார்த்தாச்சு. பழைய டெஸ்க்டாப் கீபோர்டு (மெம்ப்ரேன், சுவிட்சுக்குப் பதில் ரப்பர் தாள்) பத்து நாணயத்துக்கும் அசையலை!

இப்ப யோசனை இது: ரெண்டுமே 75%, ரெண்டுமே ஹாட்ஸ்வாப் (சால்டரிங் இல்லாம சுவிட்சைக் கழட்டி மாத்தலாம்). ஆபீசுக்கு சைலன்ட் லீனியர். வீட்டுக்கு கீக்ரான் மாதிரி மேக், விண்டோஸ் மாத்துற பொத்தான் உள்ளது, வியாவோட. வந்ததும் எதையெல்லாம் சோதிக்கணும்? சுவிட்ச் மாத்தறது எந்த அளவு ஆபத்து? தமிழ் எழுத்து பொறிச்ச மூடி கிடைக்குமா?

வளைபின்

சுவிட்ச் மாற்றுவதில் ஆபத்து ஒன்றே ஒன்றுதான், என் பெயரே அதுதான்.

சுவிட்சின் அடியில் இரண்டு செம்பு முள் இருக்கும், மிக மெல்லியவை. கோணலாகச் செருகினால் துளைக்குள் போகாமல் சுவிட்சுக்கு அடியில் மடிந்துகொள்ளும். மேலே இருந்து பார்த்தால் சுவிட்ச் சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும், விசை மட்டும் பேசாது. புதிதாகப் போட்ட சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், போர்டு கெடவில்லை. பதறாமல் கழற்றி, டுவீசரால் நேராக்கி மறுபடி செருகுங்கள். ஒரே முள்ளை இரண்டு தடவை நேராக்கலாம், மூன்றாம் தடவை ஒடியலாம்.

கழற்றும் முறை: கேபிளைப் பிடுங்கி, பேட்டரி பொத்தானையும் அணைத்துவிடுங்கள். மூடியைக் கழற்றக் கம்பி வகைப் புல்லர் நல்லது. பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் வளையம் மூடியின் பக்கச் சுவரைக் கீறும். சுவிட்ச் புல்லரின் இரு நகமும் சுவிட்சின் மேல், கீழ்ப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். இடம் வலமாகப் பிடித்தால் உடல் பகுதி கீறுமே தவிரக் கழலாது. நகத்தை உள்ளே அமுக்கி, செங்குத்தாக மேலே இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி இழுத்தால் கீழே பிசிபியில் (சர்க்யூட் பலகையில்) ஒட்டியிருக்கும் சாக்கெட் பெயர்ந்து வரும். அதை மறுபடி பற்றவைக்கச் சால்டரிங் தெரிய வேண்டும். செருகும்போது முள் இரண்டையும் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, சுவிட்சை நேராக வைத்து இரு பெருவிரலாலும் சமமாக அழுத்துங்கள். ‘டக்’ என்று நான்கு மூலையும் உட்காரும். சாதாரணமாக விடும் அழுத்தத்தைவிட அதிகம் தேவைப்பட்டால் நிறுத்துங்கள், ஏதோ மடிகிறது.

வாங்கும் முன் இரண்டு விவரம் கேளுங்கள். சாக்கெட் 3 பின்னா 5 பின்னா? 5 பின் சுவிட்சில் இரண்டு செம்பு முள், நடுத் தண்டு தவிர இரண்டு பிளாஸ்டிக் கால் கூடுதலாக இருக்கும். 3 பின் போர்டில் அதற்குத் துளை இல்லை, நகவெட்டியால் அந்தக் கால்களை வெட்டிவிட்டுப் போட வேண்டும். இன்னொன்று, மலிவான சில போர்டுகளில் ஹாட்ஸ்வாப் என்று போட்டிருக்கும், ஆனால் அவுட்டெமு முள் மட்டும் நுழையும் குறுகிய துளையாக இருக்கும். அவுட்டெமு முள் மற்றவற்றைவிட மெல்லியது. அதில் கேட்டரான், செர்ரி வகைகளைத் திணித்தால் மேலே சொன்ன கதைதான்.

வந்ததும் சோதிக்க வேண்டியவை. போர்டைக் கண்ணாடி மேசையில் வைத்து நான்கு மூலையையும் தட்டுங்கள், ஆடக் கூடாது. ஸ்பேஸை இடது முனை, நடு, வலது முனை என்று மூன்று இடத்திலும் அழுத்துங்கள், மூன்றும் ஒரே கனத்தில் இறங்க வேண்டும். ப்ளூடூத் மூன்று இடங்களிலும் ஒவ்வொரு கருவியை இணைத்து மாற்றிப் பாருங்கள். எஃப்2 அழுத்தினால் எக்செல்லில் கட்டம் திறக்காமல் திரை வெளிச்சம் மாறினால், அது பழுதல்ல. எஃப் வரிசையின் முறை மாற்றும் எஃப்என் சேர்க்கை கையேட்டில் இருக்கும்.

முக்கியமானது இரட்டைப் பதிவு. நோட்பேடில் ஒவ்வொரு விசையையும் இருபது முறை, மெதுவாக, முழுக்க அழுத்தாமல் தட்டி எண்ணுங்கள். இருபதுக்கு இருபத்தொன்று வந்தால் அந்தச் சுவிட்சின் உள்ளே தொடு உலோகம் அழுக்காகவோ துள்ளுவதாகவோ இருக்கிறது. ஆங்கிலத்தில் இது பெரிய விஷயமில்லை, எழுத்துப் பிழையாகச் சிவப்புக் கோடு விழும். தமிழ்99-இல் இரட்டை என்றால் ஒற்று. ட விசை ஒரு முறை துள்ளினால் ‘படம்’ ‘பட்டம்’ ஆகிவிடும், ‘குடி’ ‘குட்டி’ ஆகிவிடும். இரண்டுமே சரியான சொல், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. எனவே ட, த, க, ப, ம விசைகளை, அதாவது ஓ, எல், ஹெச், ஜே, கே, நாற்பது முறை வீதம் சோதியுங்கள். துள்ளினால் அந்தச் சுவிட்சை அதிகம் பயன்படாத விசையின் சுவிட்சோடு இடம் மாற்றிப் பாருங்கள். துள்ளல் சுவிட்சோடு கூடவே போனால் சுவிட்ச் கெட்டது, மாற்றினால் போதும். அதே விசையிலேயே நின்றால் சாக்கெட்டோ பிசிபியோதான், போர்டையே திருப்பிக் கொடுங்கள். அதனால்தான் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதிக்கச் சொல்கிறேன்.

சாயம்போகாமூடி

மூடி பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

தமிழ் பொறித்த மூடித் தொகுதியைத் தேடி நேரம் செலவழிக்காதீர்கள். ஸ்டிக்கர் வாங்கலாம், ஆனால் பிபிடி (ஒரு வகைப் பிளாஸ்டிக்) மூடியின் சொரசொரப்பில் சரியாகப் பிடிக்காது, ஓரம் எழும்பும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்த பிறகு ஒட்டினால் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். எஃப், ஜே இரண்டிலும் ஒட்டாதீர்கள். அந்தக் கோட்டு மேடு மூடிப் போனால் விரல் வீடு தெரியாமல் அலையும். தமிழ்99-இல் எஃப் விசைதான் புள்ளி, தொட்டாலே தெரியும் மேடு அதில் ஏற்கெனவே இருப்பது நல்ல பொருத்தம். உண்மையில் தமிழ்99 விசைப்பலகைப் படத்தை அச்சடித்துத் திரைக்குக் கீழே இரண்டு வாரம் ஒட்டி வைத்தால் ஸ்டிக்கரே தேவைப்படாது.

பொருள்: ஏபிஎஸ் மூடி நாளாக நாளாக எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும், பிபிடி அவ்வளவு சீக்கிரம் மினுங்காது. எழுத்து அழியாமல் இருக்க டபுள்ஷாட் (இரண்டு நிறப் பிளாஸ்டிக் வார்த்தது) அல்லது டைசப் (சாயம் உள்ளே ஊறியது). லேசர் வெளிச்ச எழுத்துள்ள மலிவு மூடியில் எழுத்து சீக்கிரம் அழியும்.

தனியாக மூடி வாங்கினால் அடிவரிசையை அளந்து வாங்குங்கள். சாதாரண எழுத்து விசையின் அகலம் 1 அலகு. 75% போர்டில் வலது ஷிஃப்ட் 1.75 அலகு, சாதாரணத் தொகுதியில் 2.75 மட்டும் இருக்கும். வலது ஆல்ட், கன்ட்ரோல் 1 அலகு. ஸ்பேஸ் 6.25 அலகு. இவை தொகுதியில் இல்லை என்றால் பாதி போர்டு மொட்டையாக நிற்கும்.

இன்னொரு பொறி, யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்குக் கோல்மாக் அல்லது டிவோராக் அமைப்பை (வழக்கமான க்வெர்ட்டிக்கு மாற்றான எழுத்து வரிசைகள்) வியாவில் பதித்துவிடாதீர்கள். விண்டோஸின் தமிழ்99, கீபோர்டு அனுப்பும் விசைக் குறியை வைத்து எழுத்தைப் போடுகிறது. கீபோர்டே இடம் மாற்றி அனுப்பினால் க, ம, ப எல்லாம் கலைந்துபோகும். கோல்மாக் வேண்டும் என்றால் இயங்குதளத்தில் தனி மொழி அமைப்பாகச் சேருங்கள், போர்டு க்வெர்ட்டியாகவே இருக்கட்டும். கேப்ஸ்லாக் போன்ற எழுத்தில்லா விசைகளை மாற்றுவதில் பிரச்சினை இல்லை.

பின் கால்களை மடக்கியே வையுங்கள். மெக்கானிக்கல் போர்டின் முன்விளிம்பே சுமார் 2 செமீ உயரம். பின்னால் இன்னும் தூக்கினால் மணிக்கட்டு மேல் நோக்கி மடியும். உயரம் ஒத்துவரவில்லை என்றால் அதே உயரத்தில் மணிக்கட்டுத் தாங்கி, அல்லது உயரம் குறைந்த லோ-புரொஃபைல் வகை. முதல் தலைமுறைக் கைல் சாக் சுவிட்சில் மொத்த ஆழமே 3 மிமீ. ஆனால் அதன் மூடி வேறு, சாதாரணத் தொகுதி எதுவும் பொருந்தாது.

காந்த சுவிட்ச் விளம்பரங்களில் 0.1 மிமீ இறங்கினாலே பதிவாகும் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது விளையாட்டுக்காரர்களுக்கு. தட்டச்சில் அவ்வளவு மேலே வைத்தால் விரல் மூச்சு விட்டாலே எழுத்து விழும்.

நெய்தல்87

அருமை. ஒரே ஒரு சந்தேகம். வீட்டுப் போர்டில் 45 கிராம் ரெட், அந்தச் சுண்டுவிரல் ஆறு விசைக்கு மட்டும் இன்னும் லேசானது போடலாமா? கலந்து போட்டா வினோதமா இருக்காதா?

ஸ்பிரிங்குமணி

போடலாம், ஹாட்ஸ்வாப்பின் உண்மையான பயனே அதுதான். கேட்டரான் கிளியர் 35 கிராம் லீனியர். பெரும்பாலும் பத்துப் பத்தாக விற்பார்கள், ஆறு போக நான்கு கையிருப்பு. பி, [, ], ', / ஐந்திலும் முதலில் போடுங்கள். வெவ்வேறு விரல் என்பதால் கனம் மாறுவது அரை நாளில் மறந்துபோகும், சத்தம்தான் லேசாக வேறுபடும்.

; விசையை மட்டும் கடைசியாக மாற்றுங்கள். யோசிக்கும் நேரத்தில் சுண்டுவிரல் படுத்துக் கிடக்கும் இடம் அது. 35 கிராம் போட்டபின் திரையில் ‘நநநநந’ என்று தானாக ஓடினால் அந்த ஒன்றை மட்டும் 45-க்கே திருப்பிவிடுங்கள்.